குழிக்கு வந்த காகிதம்

இந்த டம்ளரை இன்னொரு முறை கழுவித் தரச் சொல்ல முடியுமா, இன்ஸ்பெக்டர் ஐயா? விளிம்பில் யாருடைய வெற்றிலைச் சாறோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. டீயைக் குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் குடித்தவனின் வாய் எந்த இடத்தில் பட்டது என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் என் வாயை வைக்க என்னால் முடிவதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி. என் மனைவி எல்சி இதற்காகவே எனக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறாள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். எண்ணூரில் சாயப்பொடி செய்யும் ஆலையில் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். எழுபத்தொன்றில் அந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கொதிகலனின் சூடு, அமிலத் தொட்டியின் அளவு, குழாய்களின் அழுத்தம் எல்லாம் கம்பி வழியாக அதற்குள் போகும். அது ஒவ்வொன்றையும் ஒரு வரியாக டைப் அடித்துக் காகிதத்தில் தரும். மேனேஜர் அய்யாத்துரையே என் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏசி போட்ட அறை. தரையை நான் ஒரு நாளும் ஈரமாக விட்டதில்லை.

ஆலையின் கழிவெல்லாம் ஒரு குழியில் வந்து சேரும். அமிலத் தண்ணீரும் கந்தகச் சேறும் அங்கே கலக்கும்போது ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். நிறைய இருந்தால் நாற்றமே அடிக்காது, ஏனென்றால் மூக்கு மரத்துப்போய்விடும். மூக்கு மரத்த பிறகு மனிதனுக்கு அதிக நேரம் கிடையாது. அதனால்தான் குழிக்குள் ஒரு கருவி வைத்து, அதன் கம்பியையும் என் மெஷினோடு சேர்த்திருந்தோம். குழியில் கேஸ் இல்லை என்று காகிதம் சொன்னால்தான் ஆள் இறங்கலாம். அது ஆலையின் விதி.

இறங்குகிறவர்கள் காத்திவாக்கத்து ஆட்கள். உப்பங்கழியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் எங்கள் சாயத் தண்ணீரும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே இறால் இல்லை. ஆகவே எங்களிடமே சேறு அள்ள வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சிவந்தி. ஐம்பது வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வேலை பார்க்கும் ஆபரேட்டர் கலீலுல்லா குழியின் வரியைச் சத்தமாகப் படித்து, அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுப்பான். சிவந்தி அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வான். பிறகு ஒவ்வொருவனாக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். தொடாதவன் இறங்கமாட்டான். எனவே ஒருத்தனை அனுப்பிவைத்தால் போதும் என்று நான் எத்தனை முறை சொல்லியும், அத்தனை பேரும் என் அறைக்குள்தான் வருவார்கள். அய்யாத்துரை கழற்றுவதற்குச் செருப்பு இருந்தது. இவர்கள் காலில் இருந்ததெல்லாம் முந்தின நாள் சேறு.

அப்போதும் நான் பொறுத்துக்கொண்டேன். வரி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். தொடுவார்கள், போய்விடுவார்கள். பின்னாலேயே ஃபினாயில் போட்டுத் துடைத்துவிடலாம்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து, மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிற மொழியின் புதிய பதிப்பு வெளிநாட்டிலிருந்து வந்தது. பழையதைவிட எல்லா விதத்திலும் மேலானது என்று கூடவே வந்த புத்தகம் சொன்னது. கோடையில் வெள்ளைக்கார என்ஜினீயர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் மாற்றிவிடு என்றார் அய்யாத்துரை. மாற்றினேன். கணக்கெல்லாம் சரியாக வந்தது. ஆனால் பதிவு வரிகள் மட்டும் நொண்டியடித்தன. முன்பு மழைபோல் டைப் அடித்த மெஷின் ஒரு வரி அடித்துவிட்டு நிற்கும், யோசிக்கும், அடுத்த வரிக்குப் போகும்.

கலீலுல்லா சொன்னான்: "இன்னா சார் இது, புது வெர்ஷன்னு சொல்லி இஸ்துகினு வந்தோம். மிஷினு தூங்கிகினே டைப் அடிக்குது."

எங்கே நோய் என்று தேடுவது எனக்குப் பிடித்த வேலை. நோய் இல்லாத இடங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வரவேண்டும். டைப் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டேன். அது இல்லை. கடல் காற்றில் கம்பி முனைகள் பச்சை பூத்திருந்தன. சுரண்டிப் பார்த்தேன், அதுவும் இல்லை. மின்சாரம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். கருவிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மெஷினைச் சும்மா ஓடவிட்டேன். அப்போதும் வரிகள் நொண்டின. ஆக, நோய் வெளியில் இல்லை.

அந்த நாட்களில் குழியின் வரி தன் முறைக்காகக் காத்துக் கிடந்து, கடைசியில்தான் வரும். அதுவரை சிவந்தியும் ஆட்களும் என் அறையில் காத்திருந்தார்கள். நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். சுவரோரமாக வரிசையாகக் குந்திக்கொள்வார்கள். கெண்டைக்காலில் மஞ்சளும் பச்சையுமாகக் காய்ந்த சேறு. விரலிடுக்கில் புண், அதில் வழியும் நீர். ஒருத்தன் சொறிவான், செதில் செதிலாக என் தரையில் உதிரும். ஒருத்தன் இருமி, வந்ததை விழுங்குவான். முட்டை நாற்றம், பீடி நாற்றம், கருவாட்டு நாற்றம் மூன்றும் ஏசி காற்றில் கலந்து என் மூக்குக்கே திரும்பி வரும். மத்தியானம் சோற்றில் கை வைக்க முடியாது. வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தாலும் அந்த நாற்றம் தலைமுடியில் இருக்கும்.

ஒரு நாள் அய்யாத்துரை இருக்கும்போது சிவந்தி என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரொம்பச் சந்தோஷமாகக் கேட்டான்.

"நைனா, நீ ராயபுரம் மீன்காரம்மா பிலோமி பெத்த புள்ள தானே? அப்பவே நெனச்சேன், மூஞ்சி அப்டியே கீது. உங்கம்மா கூடையில நான் எவ்ளோ எறா போட்டுகீறேன் தெரியுமா. நம்ம ஆளுடா இவுரு!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அய்யாத்துரையும் சிரித்தார். அன்றிலிருந்து அவன் என்னை சார் என்று கூப்பிடவில்லை, நைனாதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கலீலுல்லா உங்களிடம் இதைத்தான் காரணம் என்று சொல்லியிருப்பான். அது இல்லை. என் அம்மா மீன் விற்றாள், நான் படித்தேன், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

நோயை மறுநாள் கண்டுபிடித்தேன். ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். எண்ணே இல்லாத, வெறும் எழுத்துகளால் ஆன ஒரு வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னேன். பறந்தது. அதில் ஒரே ஒரு எண்ணைச் சேர்த்தேன். நொண்டியது. புரிந்துவிட்டது. ஒரு வரியில் எந்த எண் எந்த இடத்தில் வரவேண்டும் என்று நாம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்போம். பழைய பதிப்பு அதை ஒரு முறை படித்து மனதில் வைத்துக்கொள்ளும். புதியது ஒவ்வொரு வரிக்கும் அந்தக் குறிப்பை முதல் எழுத்திலிருந்து புதிதாகப் படித்தது. தினம் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரனிடம் தினமும் பெயர் கேட்கிற மாதிரி.

மருந்தும் தெரிந்தது. எண்ணை எழுத்தாக்குகிற வேலையை மட்டும் நானே தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். சில வாரங்கள் பிடிக்கும். அதுவரைக்கும் என்ன செய்வது? பெரும்பாலான நாட்களில் குழியில் கேஸ் இருப்பதில்லை. எண் இல்லாத வரி பறக்கும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே குழிக்கு மட்டும் 'கேஸ் இல்லை' என்று ஒரு வரியைத் தயாராக எழுதி வைத்தேன். கருவி சொல்லும் எண்ணை அது கேட்காது. கேட்காததால் காக்க வைக்காது. மற்ற வரிகளுக்கு முன்னால் வந்து விழும்படியும் செய்தேன். தற்காலிகமாகத்தான்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள், தொட்டார்கள், போனார்கள். அய்யாத்துரை என் தோளில் தட்டினார். கலீலுல்லா, "சார்னா சார்தான்" என்றான். தரை காய்ந்தே இருந்தது.

மருந்தை நான் எழுதி முடிக்கவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொன்னார். அது பொய். முடித்தேன். கொதிகலனுக்கும் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் அதைச் சேர்த்தேன். எல்லாம் பழையபடி மழைபோல் டைப் அடித்தன. குழிக்கும் சேர்த்தேன், ஒரே ஒரு நாள். உண்மையான வரி உடனே வந்தது. கேஸ் இருக்கிறது என்று வந்தது.

குழியை அன்றைக்கே காலி செய்யவேண்டும் என்று அய்யாத்துரை உத்தரவு போட்டிருந்தார். அதனால் கேஸ் அடங்குகிறவரை அவர்கள் என் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். காலை முழுவதும். அப்புறம் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பழைய சோறும் சுட்ட கருவாடும். என் லினோலியத் தரையின் மேல் வைத்துப் பிசைந்து தின்றார்கள். சிவந்தி ஒரு உருண்டை உருட்டி, அதே கையால் என்னிடம் நீட்டி, "துன்னு நைனா, உங்கம்மா கைப்பக்குவம் கணக்கா இருக்கும்" என்றான். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். எல்லோரும் போன பிறகு தரையை மூன்று தரம் கழுவிவிட்டு, பழைய தயார் வரியையே திரும்பப் போட்டேன்.

அதன் பிறகு அவர்கள் எத்தனையோ முறை இறங்கி ஏறினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கண் எரிகிறது, தலை சுற்றுகிறது என்றார்கள். டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னேன். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் நான் செய்தது சரி என்றுதான் எனக்குப் பட்டது. உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். சிவந்தி இறங்கி விழுந்தான். அவனைத் தூக்க ஒருத்தன் இறங்கினான், அவனைத் தூக்க இன்னொருத்தன். அந்த ஆட்கள் அப்படித்தான், கடலில் ஒருத்தன் விழுந்தால் மற்றவன் யோசிக்காமல் குதித்துப் பழகியவர்கள். குழியும் கடல் என்று நினைத்துவிட்டார்கள். கலீலுல்லா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது என் மெஷின் குழியின் வரியை அடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் படித்தான். என் சட்டையைப் பிடித்தான்.

"அங்க மன்சன் செத்துகினு கீறான். இங்க கேஸ் இல்ல, கேஸ் இல்லன்னு அடிச்சிகினு கீதே. இன்னா சார் பண்ணி வச்ச?"

அவன் கை என் காலரிலேயே இருந்தது. அதிலும் சேறு இருந்தது.

இப்போது நீங்கள் இரண்டு நாளாகக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். அன்றைக்குக் குழியில் கேஸ் இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். காகிதம் பொய் சொல்லும்போது எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் காலையில் சிவந்தி மற்றவர்களுக்கு முன்னால் தனியாக வந்தான். கலீலுல்லா அப்போது டைப் மெஷினுக்கு ரிப்பன் எடுத்துவரப் போயிருந்தான்.

"நைனா, இன்னிக்கி குழியாண்ட முட்ட நாத்தமே இல்ல. சுத்தமா இல்ல. அதான் மன்சுக்குப் பேஜாரா கீது. கூட வர்றதுல ரெண்டு பேரு புள்ளகுட்டிக்காரனுங்க. பேப்பரு கரீக்டா சொல்தான்னு நீ ஒருதபா பாத்து சொல்லிடு. நீ சொன்னா நான் எறங்கறேன்."

குழிக் கருவியின் கம்பி வந்து சேருமிடத்தில், பீரோவுக்குள், பழுது பார்ப்பதற்காக ஒரு சின்ன மீட்டர் உண்டு. சாவி என்னிடம்தான் இருக்கும். அவன் கேட்டதற்காகத் திறந்து பார்த்தேன். முள் அதற்குமேல் போக இடமில்லாமல் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. முள்ளைப் படிக்கத் தெரியாவிட்டாலும் எட்டிப் பார்ப்பதற்காக அவன் பீரோவின் கதவில் கையை ஊன்றியிருந்தான். வெள்ளைப் பெயிண்டில் நான்கு விரலும் பச்சையாகப் பதிந்திருந்தன. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது, இறங்கு என்றேன். அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அத்தனை பேரும் மத்தியானம் வரைக்கும் என் அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஐயா.