அந்தச் சுரம் என்னுடையது

இந்த நூலகத்தின் காபி மட்டும் என் காலத்திலிருந்து மாறவே இல்லை. டான்யூப் நதியைச் சூடாக்கித் தருகிறார்கள். இருக்கட்டும், நான் புகார் சொல்ல வரவில்லை. இசைமேதை ரோட்டெக்கின் கடைசிப் பியானோ சொனாட்டாவில், கேட்டதும் வியன்னாவே கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு சுரம் இருக்கிறதே, அதை இயற்றியது நான். ரோட்டெக் செத்து நூற்றைம்பது வருடம் கழித்து, பேனாவே இல்லாமல் இயற்றினேன்.

கையெழுத்துப் படிகளின் காப்பாளர் டாக்டர் ஹோல்ஸர் சிரித்தார்.

"ஹெர் ப்ரொஃபஸர், போன தடவை டான்யூப்ல நீந்தியே ஹங்கேரிக்குப் போனேன்னீங்க. இன்னைக்கு இதுவா?"

"அது வேற, டாக்டரே. அது பொய்."

அவர் சிரிப்பதில் நியாயம் உண்டு. அந்த ஒரு சுரத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதித்தான் அவர் டாக்டர் ஆனார்.

நடந்தது மிக எளியது. ரோட்டெக்கின் சொனாட்டாக்களைப் பதிப்பிக்க என்னையும் கெர்லிண்டே பிக்லரையும் நியமித்தார்கள். ரோட்டெக் கைப்பட எழுதிய மூலத்தை முதல் அச்சோடு வரி வரியாக ஒப்பிடும் வேலை. கெர்லிண்டே மூலத்தின் முன் உட்கார்ந்து கண் வீங்க உழைத்தாள். நான் அதன் மங்கலான ஒளிப்படத்தோடு காபிக்கடையில் உட்கார்ந்தேன், கறுப்புக் கசகசா தூவிய கேக்கோடு. என் பங்குக்கு வந்த கடைசிப் பக்கத்தில், விரலைக் கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்குத் திருப்பும் குறி ஒன்று இருந்தது. கேக் துகள் என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்; எங்கள் பதிப்பு அந்தக் குறி இல்லாமலே அச்சானது.

புத்தகம் வந்த வாரமே விமர்சகர்கள் அந்தக் கறுப்புக் கட்டையில் மரணத்தின் காலடியைக் கேட்டார்கள். முதல் அச்சில் வெள்ளைக் கட்டை இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, அச்சுத் தகட்டைச் செதுக்கியவன் கோழை, மேதையின் துணிவைப் பார்த்து நடுங்கிவிட்டான் என்று எழுதினேன். எங்கள் துறையில் அது ஒரு வசதி. காதுக்கு இதமாக இருந்தால் நகலெடுத்தவனின் பிழை; பல்லைக் கூச வைத்தால் மேதையின் கை.

கெர்லிண்டே மட்டும் தனியாக வந்து சொன்னாள்: "மூலத்துலயும் குறி இருக்கு. நீங்க விட்டுட்டீங்க. ஒரு திருத்தத் தாள் ஒட்டிடலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அந்தக் கருணையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மேலும், யோசித்துப் பாருங்கள். அச்சான புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மூலம் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு மதியம், காவலர் சாசேஜ் தின்னப் போயிருந்தார். சவரக் கத்தியின் முனையால் அந்தக் குறியைச் சுரண்டினேன். தூளை ஊதினேன். இந்த முறை போய்விட்டது.

கெர்லிண்டே சொன்னதைச் சரிபார்க்கப் பதிப்புக் குழு வந்து பார்த்தது. குறி இல்லை. "இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்றாள் கெர்லிண்டே. நான்தான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். "பாவம், கண்ணு களைச்சுப்போச்சு. இல்லேன்னா, இந்தத் தாளைக் கடைசியா கையில வெச்சிருந்தது..." வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. குழுவே முடித்துக்கொண்டது.

மூலத்தில் கைவைத்தவள் என்று அதன்பின் எந்த நூலகமும் அவளை உள்ளே விடவில்லை. லின்ட்ஸ் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். கிறிஸ்துமஸ் தவறாமல் பூத்தொட்டி அனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தம் உண்டு. அவள் சவ அடக்கத்தில் அந்தச் சொனாட்டாவை வாசிக்க ஏற்பாடு செய்ததும் நான்தான், என் சுரத்தோடு. எல்லோரும் அழுதார்கள். வேறு யார் அவளுக்கு இவ்வளவு செய்தார்கள்?

இப்போது எனக்கு ஒரே குறை. புகழெல்லாம் ரோட்டெக்குக்கே போகிறது. வரப்போகும் புதுப் பதிப்பில் அந்தச் சுரத்தின் கீழ் என் பெயர் வரவேண்டும்.

"கதை நல்லாருக்கு. ஆதாரம்?" என்றார் ஹோல்ஸர்.

"அந்தத் தாளை ஜன்னல்ல பிடிச்சுப் பாரும்."

கொண்டுவந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. விரல் நேராக அந்த இடத்தில் போய் நின்றது. கடுகளவு காகிதம் மெலிந்து, வெளிச்சம் பாலாகக் கசிந்தது.

"தேடாமலே எப்படிய்யா கண்டுபிடிச்சீர்?"

அவர் தாளை உறைக்குள் வைத்து மூடினார். நான் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன்; அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"நடந்தது நெசந்தான், ஹெர் ப்ரொஃபஸர். நூறாவது பக்கம் எழுதறப்பவே பாத்துட்டேன். அப்ப அந்தம்மா லின்ட்ஸ்ல உயிரோடதான் இருந்தாங்க. ஆனா, இன்னும் முந்நூறு பக்கம் பாக்கி இருந்துச்சே."