வலப்பக்கத்துத் தகர மூடி

என் முழுப் பெயரும் தந்தை பெயரும் இந்தப் படிவத்தின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. பழைய கார்களைப் பழுது பார்ப்பது தொழில். பேருந்து நிலையத்தின் பின்தெருவில், டயர் கடைக்கு அடுத்து என் பட்டறை இருக்கிறது. அதன் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். என் முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தால் டயர் கடைக்காரருக்கே தெரியாது. பீச்சாங்கை மெக்கானிக் என்றால் தெருவே கை காட்டும். எழுதுவது, சாப்பிடுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் எனக்கு இடது கைதான். இறந்துபோனவள் என்னுடன் பிறந்த ஒரே தங்கை. காவலில் இருப்பவர் அவள் கணவர், என் மாப்பிள்ளை. சென்ற மாதம் பதினொன்றாம் தேதி இதே காவல் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது தவறு. அதை மாற்றிச் சொல்வதற்காக இன்று நானாகவே வந்திருக்கிறேன்.

சம்பந்தப்பட்ட கார் இரண்டு கதவு உள்ள பழைய வண்டி. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே அதை வாங்கிவிட்டார். என்ஜின் பின்பக்கம் இருக்கிறது. அதற்கு ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு விசிறி சுழன்று காற்றை என்ஜின்மேல் தள்ளும், அந்தக் காற்றில்தான் என்ஜின் ஆற வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் அது ஓர் உறுப்பினர் மாதிரி. வருடத்தில் பாதி நாள் போர்வைக்குள் தூங்கும், வெளியே எடுத்தால் ஏதாவது நோவு சொல்லும்.

சென்ற மாதம் இரண்டாம் தேதி காலை மாப்பிள்ளை அந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் இழுவை இல்லை என்றும், நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது என்றும், சாவியை எடுத்த பிறகும் என்ஜின் நான்கைந்து தடவை இருமிவிட்டுத்தான் அடங்குகிறது என்றும் சொன்னார். ஒன்பதாம் தேதி மகளைப் பார்க்க மலைமேல் உள்ள கல்லூரிக்குப் போக வேண்டும், ஐந்து மணி நேரப் பயணம், அதற்குள் முடியுமா என்று கேட்டார். எனக்கு அவர்மேல் எப்போதுமே ஓர் இளக்காரம் உண்டு. அதிகம் பேச மாட்டார். மூடிய காரில் உட்கார்ந்தால் குமட்டும் என்று எந்தக் குளிரிலும் கண்ணாடியை ஒரு சாண் இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். ஏற்றத்தில் கியர் மாற்றச் சோம்பல்பட்டு என்ஜினைக் கொதிக்க வைத்திருப்பார் என்று எண்ணி, அவர் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொன்னேன். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேருந்தில் போனார்.

அதன் பிறகு நானே வண்டியை எடுத்து ஏற்றம் உள்ள பாதையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டினேன். மாப்பிள்ளை சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை வெறும் கையால் பிடிக்க முடியவில்லை. முதல் நாள் ஆயிலை மாற்றினேன், விசிறி பெல்ட்டின் இறுக்கம் பார்த்தேன், தீப்பொறி விழும் நேரத்தை விளக்கு வைத்துச் சரிபார்த்தேன், அது மயிரிழை விலகாமல் இருந்தது. இரண்டாம் நாள் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. பெட்ரோல் குறைவாகப் போகிறதோ என்று கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன், வால்வுகளின் இடைவெளியையும் சரிசெய்தேன், ஓட்டினேன், மறுபடி அதே சூடு. மூன்றாம் நாள் விசிறிக்கு மேலுள்ள தகரக் கூட்டைத் தூக்கி, எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கை காய்ந்த இலைதான் கிடைத்தது. விசிறி வாயில் ஒரு தாளை வைத்தால் பச்சென்று இழுத்துப் பிடித்துக்கொண்டது. காற்று ஒழுங்காக உள்ளே போனது, ஆனால் என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வண்டி என்னை ஜெயித்துவிடுமோ என்ற ஆத்திரம்தான், வேறு கவலை அப்போது எனக்கு இல்லை.

நான்காம் நாள் காலை என்ஜினை ஓடவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூட்டைச் சுற்றிலும் மணிக்கட்டை மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். இடப்பக்கம் கீழே, காற்று வரக்கூடாத இடத்தில், என் கை மயிர் படபடவென்று ஆடியது.

அது என்னவென்று ஆய்வாளர் கேட்டதற்கு நான் விளக்கியதாவது: இந்த வகை வண்டியில் விசிறிக் கூட்டின் இரண்டு பக்கமும் பின்புறம் ஒவ்வொரு வாய் உண்டு. அந்த வாயிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கொஞ்சம் காற்று கீழே உள்ள தகரப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டிக்குள்தான் என்ஜினின் புகைக் குழாய் ஓடுகிறது. அதன் சூட்டில் காற்று வெதுவெதுப்பாகி உட்காரும் இடத்துக்கு வரும். வண்டியின் ஹீட்டர் அவ்வளவுதான். இந்த வண்டியில் இரண்டு குழாய்களுமே இல்லை. வலப்பக்க வாயை யாரோ ஒரு தகர மூடியால் அடைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இடப்பக்கத்திலும் அப்படி ஒரு மூடி இருந்து எங்கோ விழுந்திருக்கிறது. திறந்து கிடந்த அந்த வாய் வழியாக என்ஜினுக்குப் போக வேண்டிய காற்று வெளியே ஓடியிருக்கிறது.

மூன்று நாளாகத் தேடியது கிடைத்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். எந்தப் புண்ணியவான் இந்த வேலையைப் பார்த்தான், குழாயைக் கழற்றிவிட்டு எண்ணெய் டப்பாத் தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறானே என்று டயர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார். அதன் பிறகு வலப்பக்க மூடியின் இரண்டு கட்டுகளில் ஒன்றைக் குறட்டால் அவிழ்த்தேன். மற்றது துருவேறி இருந்ததால் வெட்டினேன். மூடியைக் கழிவுப் பெட்டியில் போட்டேன்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. இடப்பக்கத்துக்கும் ஒரு தகரத்தை வெட்டி அடைத்திருக்கலாம், அது ஐந்து நிமிட வேலை. அல்லது வண்டி செய்தவன் வைத்தபடியே புதுக் குழாய் போட்டு இரண்டு பக்கமும் இணைக்கலாம். அடைப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. மேலும் மலைமேல் பனிக்காலம், தங்கைக்கு எப்போதும் கால் சில்லிட்டுப் போகும், இத்தனை வருடம் வேலை செய்யாத ஹீட்டரை ஓடவைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குழாய்களைப் போட்டேன். கீழே உள்ள பெட்டிகளை ஒரு ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்ப்பது முறை. துரு இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நான் தட்டவில்லை. மறந்தேனா, வேண்டாமென்று விட்டேனா என்று ஆய்வாளர் கேட்டார். என்ஜின் சூடு அடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை என்பதுதான் உண்மை.

ஏழாம் தேதி மாலை வண்டியை அவர்கள் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. தங்கை மட்டும் இருந்தாள். அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள ஹீட்டர் பிடியைத் தூக்கி, காலடியில் வெதுவெதுப்பான காற்று வருவதைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் அந்தத் துவாரத்தின் அருகே வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அடுப்படியில் உட்கார்வது போலவே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, பழையபடி அந்த வாசனை வராதுல்ல?"

அதற்கு நான், "புதுக் குழாய். ரெண்டு நாளைக்கு ரப்பர் வாசனை வரத்தான் செய்யும். அதப் பெருசா எடுத்துக்காத" என்று சொன்னேன்.

பழையபடி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் பார்த்த வண்டி என்றால் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒன்பதாம் தேதி விடியற்காலையில் அவர்கள் புறப்பட்டார்கள். வழியில் நடந்ததை மாப்பிள்ளை சொல்லித்தான் அறிவேன். தங்கை ஹீட்டர் பிடியைத் தூக்கிவிட்டு, முதுகு வலி என்று பின்சீட்டில் சால்வையைப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வழக்கம்போல் கண்ணாடியை ஒரு சாண் இறக்கி வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து டீ குடிக்க நிறுத்தியபோது, தலை பாரமாக இருக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும், எழுப்ப வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் தலை வலித்திருக்கிறது. முந்தின நாள் இருவருக்கும் மகள் படிப்பு விஷயமாக வாக்குவாதம் நடந்ததால், அசந்து தூங்குகிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து, சால்வையைக் காதுவரை இழுத்துவிட்டு மீண்டும் ஓட்டியிருக்கிறார். கல்லூரி வாசலில் அவர்கள் மகள், என் மருமகள், ஓடிவந்து, முன்சீட்டை மடித்து, அம்மாவைத் தொட்டு எழுப்பப் பார்த்திருக்கிறாள்.

பதினொன்றாம் தேதி எல்லாம் முடிந்த பிறகு காவலர்கள் என்னை விசாரித்தார்கள். புகையின் விஷக் காற்றால் மரணம் என்று மருத்துவர் எழுதியிருப்பதாகவும், வண்டியில் யார் கை வைத்தது என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னார்கள். அன்று நான், "என் கைய விட்டுப் போறப்ப வண்டி சுத்தமா இருந்துச்சு. அதுக்கப்புறம் கை வச்சவரைக் கேளுங்க" என்று சொன்னேன். முந்தின நாள் சண்டையையும், அவர் மட்டும் கண்ணாடியை இறக்கி வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அந்தக் கண்ணாடி இருபது வருடமாக அப்படித்தான் இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதன்பேரில்தான் மாப்பிள்ளையைப் பிடித்து வைத்தார்கள். எனக்கு அப்போது யார்மீதாவது வயிற்றெரிச்சலைக் கொட்ட வேண்டியிருந்தது. நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஆனால் நினைத்துப் பார்க்காமல் சொன்னேன். அதற்குள் ஒரு மனிதர் இருபத்தோரு நாள் உள்ளே இருந்துவிட்டார்.

நேற்று வாகன ஆய்வாளரின் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். வலப்பக்கப் பெட்டிக்குள் புகைக் குழாயில் கட்டைவிரல் நுழையும் அளவு துருத் துளை, மிகப் பழையது என்று அதில் இருந்தது. மிகப் பழையது என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து கிளம்பினேன். பட்டறைக்குப் போய்க் கழிவுப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து அந்தத் தகர மூடியைத் தேடி எடுத்தேன். வெட்டிய கட்டு அதில் அப்படியே இருந்தது. வலது கைக்காரர்கள் கம்பியை முறுக்கினால் ஒரு பக்கமாகப் போகும். இது எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. முனை, கையில் குத்தாதபடி உள்ளே மடித்து அமுக்கப்பட்டிருந்தது. அப்படி மடிப்பவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அதைக் கழற்றிய நாளில் மற்றொரு கட்டு முதல் திருப்பிலேயே அவிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் முறுக்கிய கம்பி என் கைக்கு முதலில் இறுகும், பிறகுதான் திசை பிடிபடும். இதை என் கை அடையாளம் கண்டிருக்கிறது. நான்தான் காணவில்லை.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு தங்கை மருமகளை வயிற்றில் சுமந்திருந்தாள். காரில் ஏறினால் ஒரு வாசனை வருகிறது, மயக்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு எல்லா வாசனையும் அப்படித்தான் என்று வீட்டில் சிரித்தார்கள். மாப்பிள்ளை அப்போது வெளியூர் வேலையில் இருந்தார். நான் ஒருவன்தான் அவள் பேச்சை நம்பி வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். பெட்டியைத் தட்டினேன். துரு உதிர்ந்தது. இரண்டு குழாய்களையும் கழற்றி எறிந்துவிட்டு, என் பட்டறை எண்ணெய் டப்பாவை வெட்டி இரண்டு வாயையும் அடைத்தேன். புதுப் பெட்டி வரவழைத்து மாட்டும்வரை இது இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். பெட்டி கிடைக்கவில்லை. பிறகு குழந்தை பிறந்தது, வாசனையும் போனது, எல்லோரும் மறந்துபோனோம். அவள் மட்டும் முழுதாக மறக்கவில்லை.

ஆகவே அந்த வண்டியில் மாப்பிள்ளை கை வைக்கவில்லை. அவருக்கு அதில் கை வைக்கவும் தெரியாது. ஹீட்டர் ஓடாது என்பது தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. அடைத்ததும் நான், திறந்ததும் நான். அந்த மூடியையும் வெட்டிய கம்பியையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து ஆய்வாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

ஏழாம் தேதி தங்கை கேட்ட கேள்வி வழக்குக்குத் தேவையில்லை, அந்த இரண்டு வரியை எடுத்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். அதைக் காதால் கேட்டது நான் ஒருவன்தான், கேள்வி கேட்டவள் இப்போது இல்லை, அதனால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் மேற்கண்டதைச் சொன்னேன். எழுத்தர் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

கையொப்பம்: வாக்குமூலம் கொடுத்தவர், இடது கையால்.

எழுத்தர் குறிப்பு: மேற்படி நபர் கையொப்பமிட்ட பின், காவலில் உள்ள தன் மாப்பிள்ளையைப் பார்க்க அனுமதி கோரினார். அனுமதி அளிக்கப்பட்டது. அறை வாசல்வரை சென்றவர், உள்ளே போகாமல் வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.