சிவசக்தி மேல போயிட்டா

ஹலோ... ஹலோ, யாருங்க?... பெருமாள் மச்சானா! அடேங்கப்பா, நாலு வருசம் கழிச்சு... ஏனுங்க, அழுவறீங்க? யாருக்கு என்னாச்சுங்க?

...சிவசக்தியா? எந்தச் சிவசக்தி?... உங்க தங்கச்சியா! எம்பொண்டாட்டியா! அய்யய்யோ, அவ ஊட்லதான இருக்கறா... பாடி இல்லீங்க மச்சான், ஆளு! ஆளே இருக்கறா! இதா, என் எதுத்தாப்புல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறா. காலைல ஆறு இட்லி தின்னா...

யாருங்க சொன்னா உங்களுக்கு?... உங்க சம்சாரமா? ஆமாமா, ராசாத்தி அக்கா காலைல கூப்புட்டுச்சு. மாசத்துக்கு ஒருக்கா உங்களுக்குத் தெரியாம கூப்புடும்... அது கெடக்கட்டும் விடுங்க. சக்தி எங்கன்னு கேட்டுச்சு. "மேல போயிட்டா"ன்னு சொன்னனுங்க... ஆமா, தனியாத்தான் போனான்னும் சொன்னன்... ஆமாங்க, ஆமா, "நாலு மாசமா இழுத்துச்சு, இன்னிக்கி முடிஞ்சிரும்"னு நான்தான் சொன்னன். அதோட சிக்னல் போயிருச்சு!

இல்லீங்க, அந்த மேல இல்லீங்க! வானத்துக்கு மேல... அட, மறுபடியும் அழுவாதீங்க. கேமு மச்சான், வீடியோ கேமு. வெளையாட்டு! கம்ப்யூட்டர்ல விண்கப்பல் ஓட்டற வெளையாட்டு. நட்சத்திரம் நட்சத்திரமாத் தாண்டித் தாண்டி, நொம்ப தூரம் ஒத்தையாப் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருக்கறா... அம்பது வயசுல என்ன வெளையாட்டுன்னு நானுந்தான் கேட்டன். எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் வேலை பாக்கறவன் நட்சத்திரத்தப் பத்திப் பேசப்படாதுன்னுட்டா.

இருங்க, இருங்க. என்னமோ வண்டிச் சத்தம் கேக்குது... வேனா? அடிவாரம் தாண்டிட்டீங்களா!... எத்தன பேரு?... பதினேழா! மாலை வேறயா... என்னது, பொறந்த ஊட்டுக் கோடியா? அட சாமி, உசுரோட இருக்கறவளுக்குக் கோடிச் சேலை எடுத்துட்டு வர்றீங்களே!

நம்பலீங்களா?... கொரலக் கேக்கோணுமா? நாயந்தானுங்க. ஒரே அஞ்சு நிமிசம் பொறுங்க... ஏன்னா, இப்ப அவ பேசப்படாது, கைய எடுக்கப்படாது. வந்து சேர்ற எடம் வந்துருச்சுங்க, கப்பல எறக்கிக்கிட்டிருக்கறா... நிறுத்தி வெக்க முடியாது மச்சான், ஆன்லைனு. கை தவறுனா கப்பல் நொறுங்கிரும். நாலு மாசப் பாடும் வீணு.

சொல்றன் கேளுங்க. போன வழியில இதுவரைக்கும் யாருமே போய்ப் பாக்காத நட்சத்திரம் நாப்பத்தி மூணு பாத்திருக்கறா. பத்திரமா எறக்குனாத்தான் அதுலயெல்லாம் "முதலில் கண்டவர் சிவசக்தி"ன்னு பேரு ஏறும். அப்பறம் எந்த நாட்டுக்காரன் அந்தப் பக்கம் போனாலும் அவ பேரு தெரியும்... பேரு என்னத்துக்கா? மச்சான், நீங்களா இதக் கேக்கறது? உங்க மக ரம்யா கல்யாணப் பத்திரிகைல அத்தை பேரு விட்டுப்போச்சுன்னுதான நாலு வருசமா நீங்க ரெண்டு பேரும் பேச்சு வார்த்த இல்லாம... சரி... சரிங்க, அச்சாபீஸ்காரன் தப்புதான்... ஆமாங்க, இவளும் வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், நானும் ஒத்துக்கறன்.

அழுவாதீங்கன்னா கேளுங்க. சரி, ஸ்பீக்கர்ல போடறன். நீங்க பேசுங்க, அவ காதுல வாங்கிக்குவா. பதில் மட்டும் எதிர்பாக்காதீங்க... போட்டுட்டனுங்க. ம், பேசுங்க.

...ம்... ம்... அட, விடுங்க மச்சான். வேன்ல அத்தன பேரு இருக்கறாங்க, இப்படியா தேம்பறது...

ஏ சக்தி! கைய எடுக்காத! இரு புள்ள, எறக்கிட்டுப் பேசிக்கலாம், அண்ணன் எங்கயும் போயிர மாட்டாரு... தெரையப் பாரு! செவப்பு லைட்டு எரியுது பாரு... அய்யோ... போச்சு! போச்சுங்க மச்சான், போயிருச்சு!

இல்லீங்க, இல்லீங்க! ஒப்பாரிய நிறுத்தச் சொல்லுங்க அவங்கள! கப்பல்தானுங்க போச்சு! நாப்பத்தி மூணும் போச்சு! உங்க தங்கச்சி குத்துக்கல்லாட்டம் நின்னுக்கிட்டு எங்கையில போனப் புடுங்கறா... கேட்டுச்சா? கேட்டுச்சா அவ கொரலு? "அண்ணா"ன்னாளே... அப்பாடா.

இரு புள்ள, தர்றன்... மச்சான், இப்ப எனக்குத் திட்டு விழுவுது. "போயிட்டா"ன்னு மொட்டையாச் சொல்லுவீங்களா, "போயிட்டு வர்றா"ன்னு சொன்னா வாய் வலிக்குமாங்கறா... தப்புதானுங்க, தப்புதான்.

என்ன?... அந்தச் சேலை வேணாங்க, ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க. கடைக்காரன்கிட்ட மாத்தி, மாம்பழ மஞ்சள்ல எடுத்துக்கச் சொல்றா... ஆமா, அவளேதான் சொல்றா. பார்டர் செவப்பாம்.

கப்பல் போனதுக்கா அழுவறா? அட நீங்க வேற. நான்தான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்கறன். அவ அழுவறா, சிரிக்கறா, மூக்கச் சிந்தறா. "பதினேழு பேரு முன்னால எங்கண்ணன் எம்பேரச் சொல்லி அழுதுச்சு, பாத்தீங்களா"ங்கறா. அதையே மூணாந்தடவ சொல்லிட்டா... இந்தாங்க, அவகிட்டயே தர்றன்... ஏனுங்க, என்னது?... சரி... சரிங்க... அட, ஒரு வார்த்த பேசிட்டு... ஹலோ? மச்சான்?

வெச்சுட்டாரு புள்ள. பேச நேரமில்லையாம், பதினேழு பேருக்கு ஒல வெக்கச் சொல்லிட்டாரு.