நகர்ந்துவிட்ட சீட்டு

செங்கல்பட்டில் ஏறிய அக்காவும் தம்பியும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"காரு நல்லாத்தான் வந்துச்சிடா. சீட்டைத்தான் நவுத்திட்டானுங்க," என்றாள் அக்கா.

"இன்னாக்கா நீ? பாம்பேலருந்து லாரில வருது, கண்ணாடி ஒடையும், ஸ்டெப்னி காணாப்பூடும்னு நான் பயந்துகினு இருந்தேன். ஒரு கீறல் இல்ல. சீட்டுக்குப் போயி பேஜார் பண்ற."

"உங்க மாமா நல்ல ஒசரம். முட்டி இடிக்குதுன்னு பின்னால தள்ளி வெச்சிருந்தாரு. அவரு போனப்புறம் அதுல யாரையும் ஒக்கார வுடல. லாரில ஏத்துன டிரைவரு குள்ளம், முன்னால இழுத்துட்டான்."

"திரும்பத் தள்ளிக்கலாம்."

"சீட்டுக்கு அடியில கம்பி எந்தப் பல்லுல நின்னுச்சின்னு தெரியலையே."

"ஏத்தறதுக்கு முன்ன சுத்தி போட்டோ எடுத்தியே?"

"கீறலுக்காவ வெளிய மட்டும் எடுத்தேன். உள்ள எடுக்கணும்னு தோணல."

ரயில் பரனூரைத் தாண்டியது. தம்பி மெதுவாகக் கேட்டான்.

"மாமா பேண்ட்டு ஏதாச்சும் வூட்ல கீதா? கால் நீளத்தை அளந்து தள்ளிப் பாக்கலாம்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கால் மட்டும் போதாதுடா. அவரு கொஞ்சம் சாஞ்சி ஒக்காருவாரு."