பாலத்துக்கு அந்தப் பக்கம்

லைனிங் துணி வாங்குவதென்றால் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், ஐயா. இந்தப் பக்கம் விற்பது ஒரே துவைப்பில் சுருங்கிவிடும். எந்தத் தையற்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பரோலில் வந்த என் தம்பிக்கு அந்தப் பாலம்தான் எல்லை. தாண்டினால் மறுபடி சிறை. பிணை நின்றவன் நான். அவன் உள்ளே போனபோது அவன் மகள் கைக்குழந்தை, தாயில்லாப் பிள்ளை. எங்களுக்கும் குழந்தை இல்லை. நானும் என் மனைவியும் வளர்த்தோம். என்னைத்தான் அப்பா என்பாள்.

அவன் வந்த புதிதில் அவள் கிட்டவே போகவில்லை. அப்புறம் அவன் மடியை விட்டு இறங்கவில்லை. ஒரு நாள் காலை என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டாள். முறைப்படி சரிதான். எனக்குத்தான் அன்றைக்குத் தையல் ஓடவில்லை.

"லைனிங் தீந்துபோச்சு, போய் வாங்கிட்டு வாடா" என்றேன்.

"பாலத்தைத் தாண்டக் கூடாதேண்ணே?"

"ஸ்டேஷன்ல நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவும் செய்தேன். தம்பி பாலம் தாண்டிப் போய்விட்டான் என்று.

நான் அனுப்பியதாக அவன் வாயே திறக்கவில்லை. பரோல் அதிகாரி என் தோளைத் தட்டினார். "வெளிய விட்டா பாதிப் பேர் இப்படித்தாங்க, உள்ளேயே திரும்பி வந்துடுறாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

வீட்டில் நான் மறுபடி அப்பா ஆனேன்.

அடுத்த முறை அவன் பரோலில் வந்தபோது, லைனிங் என்று நான் ஆரம்பித்ததுமே அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். "நல்லா பாத்துக்கண்ணே" என்றான். தெரிந்தேதான் போனான்.

இந்தத் தடவை பரோலே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாமே. அப்படிச் சொன்ன கைதியைப் பார்த்ததில்லை என்றுதானே நீங்கள் சிறையிலிருந்து விசாரிக்க வந்தீர்கள்?

போன வாரம் மகளுக்கு ஒரு கவுன் அனுப்பியிருந்தான். சிறையில் தையல் கற்றுக்கொண்டானாம். கடைசியாகப் பார்த்த பிள்ளையை மனதில் வைத்துத் தைத்திருக்கிறான், தோள் பத்தவில்லை. லைனிங்கும் இல்லை. நானே பாலம் தாண்டிப் போய்த் துணி வாங்கி வந்து, தையலைப் பிரித்து, தோளை அகலமாக்கினேன்.

போட்டுப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். லைனிங் நான் வைத்ததுதானே, ஐயா.