மூன்றாம் எண் மானியின் முள்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தாறு. கடலுக்குள் மூழ்கப் பழக்கும் பள்ளியின் சாமான் அறையில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். கண்ணாடி, துடுப்புச் செருப்பு, ரப்பர் உடை, ஈயப் பட்டை, காற்று ஜாக்கெட், சிலிண்டர், வாயில் கவ்வும் மூச்சுக்குழாய், அதோடு தொங்கும், மீதிக் காற்றைக் காட்டும் காற்றுமானி ஆகியவற்றைப் புதிதாக வருகிறவர்களுக்கு மாட்டிவிடுவதும், திரும்பியபின் நல்ல தண்ணீரில் கழுவுவதும் என் வேலை.

சம்பவத்துக்கு முந்தைய நாள் கழுவும்போது, மூன்றாம் எண் குழாயிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும் மானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் நூறிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. பழுதான சாமானில் சிவப்பு நாடா கட்டுவது முன்பு வழக்கம். வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்று முதலாளி அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. எனவே தனி ஆணியில் மாட்டிவைத்தேன்.

அதன் பிறகு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, படகில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்த, மூழ்கப் பழக்கும் மாஸ்டரிடம், "அண்ணே, மூணாம் நம்பர் முள் நிக்குது" என்றேன். சிலிண்டரைத் திறந்து மூடிப் பார்க்கும்போது முள் இறங்காவிட்டால் கசிவு இல்லை என்று பொருள். அதற்கும் நாங்கள் 'நிக்குது' என்றுதான் சொல்வோம். அவர் திரும்பாமலே, "நின்னா நல்லதுதானே, குடுத்துடு. அஞ்சு பேர் இருக்காங்க" என்றார். நான் மறுபடி சொல்லவில்லை. போன மாதம் ஒரு கசிவை இரண்டாம் முறை சொன்னதற்கு, கழுவுகிறவள் கழுவினால் போதும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

அதன் பிறகு அந்த ஐந்து பேரில் மருந்துக்கடையில் வேலை செய்யும் அம்மாவுக்கு மூன்றாம் எண்ணை மாட்டினேன். சிலிண்டரைத் திறந்ததும் முள் இருநூறுக்கு ஏறியது. சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மாத்திரை என்றால் காலாவதி தேதி இருக்கும், இதற்கு எங்கே என்று கேட்டுச் சிரித்தார். பிறகு கீழே போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "முள்ளை மட்டும் பாருங்கக்கா. அம்பதுக்கு வந்தா மாஸ்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

அதன் பிறகு பதினொரு மணிக்குப் படகு திரும்பியது. அவரைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். திடீரென்று மேலே பாய்ந்துவிட்டார் என்று மாஸ்டர் சொன்னார். ஜாக்கெட்டை நான்தான் கழற்றினேன். சிலிண்டரில் காற்றே இல்லை. முள் நூறில் இருந்தது. அவருடைய இடது கை மானியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மருத்துவமனையில் மாலை இறந்தார்.

இன்று காவல் நிலைய வாசலில் முதலாளி என்னை நிறுத்தி, "உனக்கு முள்ளைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடும்மா, உனக்கும் அதான் நல்லது" என்றார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆணியில் மாட்டினேன். ஆணியிலிருந்து எடுத்ததும் நான்தான்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். முந்தைய நாள் கழுவியதைச் சொன்ன இடத்தில் முள் 'நின்றிருந்தது' என்று இருந்ததை, 'சிக்கிக்கொண்டிருந்தது' என்று மாற்றச் சொன்னேன். அடித்துத் திருத்திய இடத்தில் ஒப்பமிட்டேன். படகடியிலும் இந்தச் சொல்லையே சொல்லியிருக்க வேண்டும். மற்றபடி இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது, உண்மை.

(ஒப்பம்)
சாமான் அறைப் பணியாளர்