கருகிய ஊர்வலம்

அன்று மேட்னியில் படம் கருகியதற்கு நான்தான் காரணம். ஆபரேட்டர் பீடி பற்றவைக்கப் போயிருப்பான் என்று ஜனங்கள் விசிலடித்தார்கள். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. திருமங்கலத்தில் நல்ல பையன் என்று பெயர்.

ஓடுகிற ரீல் சிக்கி நின்றால், விளக்குச் சூட்டில் கண் சிமிட்டுவதற்குள் பொசுங்கிவிடும். கருகியதை வெட்டி, ஒட்டி ஓட்டுவோம். அடிக்கடி நடப்பதுதான். இந்த முறை சிக்கவைத்தது நான் என்பதுதான் விசேஷம்.

அறுபத்தைந்தாம் வருஷத்து இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டத்தைப் பற்றிய படம். நாற்பது வயதுக் கதாநாயகன் காலேஜ் படித்தான். நடுவே ஓரிடத்தில் மட்டும், அந்தக் காலத்தில் மதுரையில் யாரோ எடுத்த நிஜ ஊர்வலத்தைச் சேர்த்திருந்தார்கள். படப்பெட்டி தியேட்டருக்கு வந்ததும் ஓட்டிப் பார்த்தேன். என் சிநேகிதன் சோணைமுத்து கறுப்புக் கொடியோடு வருகிறான். ஓரத்தில், போலீஸ்காரர் பக்கத்தில் நின்று அவனைக் கை காட்டுகிறவன் நான்.

ஊர்வலத்துக்கு முதல் நாளே போலீஸார் என்னைப் பிடித்துப் போயிருந்தார்கள். முன்னால் நிற்பவனைக் காட்டினால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. அவனுக்குக் கபடி உடம்பு, அடி தாங்குவான் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் சுமார். ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அவன் தாய் செல்லத்தாயிடம் மகனின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. படத்தில் வருகிறான் என்று யாரோ சொல்ல, கப்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கல் தவறாமல் எனக்குச் சோறு போடுகிறவள். அவள் மனம் நோகக் கூடாதே என்றுதான் செய்தேன். என்னை மட்டும் வெட்ட வழியில்லை. படத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே நின்றோம். கருகாமல் மிஞ்சிய துண்டையும் டீக்கடை பாய்லர் நெருப்பில் போட்டேன்.

படம் விட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. டீ வாங்கிக்கொண்டு போனேன்.

"எம் மகன் வரவே இல்லையேப்பா."

"அந்த எடம் கருகிப்போச்சு அத்தை. மிஷின் கோளாறு."

"அம்புட்டுத்தானா? இனி வராதா?"

"வராது."

டீயைக் குடித்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பதை அன்றும் கேட்டுவைத்தேன். "கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா அத்தை?" 'சாப்பிடுப்பா' என்றுதான் எப்போதும் சொல்வாள்.

"சொன்னான்," என்றாள். "'கை காட்டுனது மாப்ளதான். பயந்த பய, அவன ஒண்ணும் கேக்காத ஆத்தா'ன்னான். நான் என்னிக்காச்சும் கேட்டேனா? எம் புள்ள மூஞ்சிய ஒருக்கப் பாத்துட்டுப் போலாம்னுதானப்பா வந்தேன்."